"எனக்கு ஒரு குறைவுமில்லை": பணம், சுயபலம், விசுவாசம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிப்படுத்தின விசேஷம் 3ஆம் அதிகாரத்தில் லவோதிக்கேயா என்ற ஊரின் சபைக்கு ஒரு கடிதம் இருக்கிறது. வேதபாட வகுப்பில் அந்தப் பகுதியை எடுக்கும்போதெல்லாம் பாடத்தைவிடக் கேள்விகள்தான் நீளும். சிலர் வகுப்பிலேயே கேட்பார்கள். சிலர் எல்லோரும் போன பிறகு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். இரண்டு வகையையும் சேர்த்தே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் குருவானவர் இல்லை, வகுப்பு நடத்தும் சபையார் ஒருவன், அவ்வளவுதான். வசனங்கள் நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

பணம் இருப்பது பாவமா?

இல்லை. ஆபிராம் "வெள்ளியும் பொன்னுமான ஆஸ்திகளை உடைய சீமான்". இயேசுவின் உடலைப் பிலாத்துவிடம் கேட்டு வாங்கி அடக்கம்பண்ணிய அரிமத்தியா யோசேப்பு ஐசுவரியவான் (மத்தேயு 27:57). ஏரோதின் காரியக்காரனான கூசாவின் மனைவி யோவன்னாளும் இன்னும் சில பெண்களும் தங்கள் ஆஸ்தியைக்கொண்டு இயேசுவுக்கு ஊழியஞ்செய்தார்கள் (லூக்கா 8:3). பிலிப்பியில் பவுலைத் தன் வீட்டில் தங்கவைத்த லீதியாள் இரத்தாம்பரம் விற்ற வியாபாரி. இவர்கள் யாரையும் வேதம் குறை சொல்லவில்லை.

இந்த இடத்தில் பலர் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். "பண ஆசைதானே எல்லாத் தீமைக்கும் வேர், பணம் இல்லையே" என்று 1 தீமோத்தேயு 6:10ஐச் சொல்லி முடித்துவிடுவார்கள். சரி, வசனம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் "எனக்குப் பண ஆசை உண்டு" என்று சொன்ன ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. எல்லோருக்கும் அது பக்கத்து வீட்டுக்காரரின் வியாதி. தவிர, இயேசு மாற்கு 10:23இல் ஆசையைப் பற்றிப் பேசவில்லை. ஐசுவரியமுள்ளவர்கள் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பது எவ்வளவு அரிது என்றுதான் சொன்னார். பாவம் இல்லை, ஆனால் ஆபத்து. இரண்டும் ஒன்றல்ல.

பாவம் இல்லையென்றால் அது எப்படித் தடையாகிறது?

இதற்கு லவோதிக்கேயாவைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. இன்றைய துருக்கியில், டெனிஸ்லி நகரத்துக்குப் பக்கத்தில் அதன் இடிபாடுகள் இருக்கின்றன. முக்கியமான வணிகப் பாதைகள் சந்திக்கும் லைக்கஸ் பள்ளத்தாக்கில் இருந்ததால் ஊரில் காசு புழங்கியது. கிமு 51இல் ரோம அரசியல்வாதி சிசெரோ ஆளுநராகக் கிழக்கே போனபோது, தன் உண்டியல்களை (பணம் பெற்றுக்கொள்வதற்கான சீட்டுகளை) மாற்றிப் பணம் எடுத்துக்கொள்ளத் தேர்ந்தெடுத்த ஊர் இது. அந்தப் பகுதி ஆடுகளின் மெல்லிய கறுப்புக் கம்பளி பேர்போனது என்று புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். பக்கத்திலேயே ஒரு பெரிய மருத்துவப் பள்ளியும் இருந்தது.

அப்புறம் நிலநடுக்கம். கிபி 60இல் ஊர் இடிந்து விழுந்தது. அந்தக் காலத்தில் இப்படி நடந்தால் ரோம அரசாங்கம் வரியைத் தள்ளுபடி செய்யும், கஜானாவிலிருந்து உதவி கொடுக்கும். லவோதிக்கேயா ரோமிடமிருந்து ஒரு உதவியும் இல்லாமல் தன் சொந்தப் பணத்திலேயே மீண்டும் எழுந்தது என்று வரலாற்றாசிரியர் தாசித்து பதிவுசெய்திருக்கிறார். எந்த ஊரும் பெருமைப்பட வேண்டிய விஷயம் இது. அந்த ஊர்க்காரர்களும் பெருமைப்பட்டிருப்பார்கள்.

சுமார் 35 வருடம் கழித்து வந்த கடிதத்தில் அவர்கள் வாயில் இருக்கும் பேச்சைக் கேளுங்கள்: "நான் ஐசுவரியவானென்றும், திரவியசம்பன்னனென்றும், எனக்கு ஒருகுறைவுமில்லையென்றும்" சொல்கிறார்கள். கிறிஸ்து அவர்களுக்குச் சொல்லும் ஆலோசனை அந்த ஊரின் மூன்று பெருமைகளையும் தொடுகிறது. வங்கி வைத்திருக்கும் ஊருக்குப் புடமிட்ட பொன். கறுப்புக் கம்பளி விற்கும் ஊருக்கு வெண்வஸ்திரம். வைத்தியப் பள்ளி இருக்கும் ஊருக்குக் கண்ணுக்குக் கலிக்கம். மூன்றையும் "என்னிடத்தில் வாங்கிக்கொள்" என்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தச் சபை கிறிஸ்துவை மறுதலிக்கவில்லை. அந்தக் கடிதத்தில் கள்ள உபதேசம் பற்றிய குற்றச்சாட்டு இல்லை, விபசாரம் இல்லை, விக்கிரகம் இல்லை. அதே புத்தகத்தில் மற்றச் சபைகள் சிலவற்றுக்கு வந்த கடிதங்களில் அவையெல்லாம் உண்டு. இங்கே ஆராதனை ஒழுங்காக நடந்திருக்கும், காணிக்கையும் தாராளமாக விழுந்திருக்கும். ஆனால் கிறிஸ்து வாசலுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டிருக்கிறார். நாம் நற்செய்திக் கூட்டங்களில் அவிசுவாசிகளுக்குச் சொல்லும் "இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்ற வசனம், உண்மையில் வசதியான ஒரு சபைக்குச் சொன்னது.

பணம் தடையாவது இப்படித்தான். அது யாரையும் நாத்திகன் ஆக்குவதில்லை. கேட்க வேண்டிய தேவையை மட்டும் எடுத்துவிடுகிறது. கேட்காத இடத்தில் விசுவாசத்துக்கு வேலை இல்லை.

"வெதுவெதுப்பு" என்றால் பக்தி குறைவு என்றுதானே அர்த்தம்?

குளிரும் இல்லாமல் அனலும் இல்லாமல் வெதுவெதுப்பாக இருக்கிறாய் என்று அந்தக் கடிதம் லவோதிக்கேயா சபையைச் சொல்கிறது. பக்தி குறைவு என்றுதான் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம்: அனல் என்றால் நல்ல பக்தி, குளிர் என்றால் பக்தியே இல்லை, நடுவில் இருப்பது வெதுவெதுப்பு. அப்படியானால் ஒரு சிக்கல் வருகிறது. "நீ குளிராயாவது அனலாயாவது இருந்தால் நலமாயிருக்கும்" என்று கிறிஸ்து சொல்கிறாரே, பக்தியே இல்லாமல் இருப்பதை அவர் விரும்புவாரா?

ஊரின் தண்ணீரை வைத்துப் பல அறிஞர்கள் சொல்லும் விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் எராப்போலி. அங்கே வெந்நீர் ஊற்றுகள், வியாதிக்காரர்கள் குளிக்கப் போவார்கள். இன்றும் பாமுக்கலே என்ற பெயரில் சுற்றுலாப் பயணிகள் போகும் வெள்ளைப் பாறைப் படிகள் அவைதான். இன்னொரு பக்கம் கொலோசே. அங்கே மலையிலிருந்து வரும் குளிர்ந்த நீர். வெந்நீரும் பயன்படும், குளிர்ந்த நீரும் பயன்படும். லவோதிக்கேயாவுக்கோ தண்ணீர் குழாய் வழியாகத் தூரத்திலிருந்து வர வேண்டியிருந்தது. வந்து சேரும்போது அது சூடாகவும் இல்லை, குளிராகவும் இல்லை, எதற்கும் உதவாத வெதுவெதுப்பு என்பது அவர்கள் விளக்கம். உள்ளே சுண்ணாம்பு தடித்துப் படிந்த குழாய்களை இன்றும் இடிபாடுகளில் பார்க்கலாம். எல்லாம் இருந்த ஊருக்குத் தண்ணீர் மட்டும் சரியாக அமையவில்லை.

ஊசியின் காது என்பது எருசலேமில் இருந்த சின்ன வாசல்தானே? ஒட்டகம் முழங்காலிட்டு நுழையுமாமே?

ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொன்னதற்கு வரும் விளக்கம் இது. இந்தக் கதையை ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்டுவருகிறோம். ஒட்டகம் சுமையை இறக்கி, முழங்கால்போட்டுத் தவழ்ந்து போகும் என்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இயேசுவின் காலத்து எருசலேமில் அப்படி ஒரு பெயரில் வாசல் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. நூற்றாண்டுகள் கழித்து விளக்க உரைகளில் புகுந்த கதை அது.

அது எங்கிருந்து வந்தது என்பதைவிட ஏன் இவ்வளவு நாள் பிழைத்திருக்கிறது என்பதுதான் சுவாரசியம். கொஞ்சம் குனிந்தால், கொஞ்சம் முயன்றால் பணக்காரனும் தன் முயற்சியிலேயே நுழைந்துவிடலாம் என்று அது நமக்குச் சொல்கிறது. இயேசு சொன்னதோ நேர் எதிர். "மனுஷரால் இது கூடாததுதான், தேவனால் இது கூடாததல்ல" என்றார். முடியாது என்று அவர் சொன்னதை முடியும் என்று திருத்துவதற்கு ஒரு வாசலையே கட்டிவிட்டோம்.

தன்னிடம் வந்த ஐசுவரியமுள்ள வாலிபனிடம் எல்லாவற்றையும் விற்று ஏழைகளுக்குக் கொடுக்கும்படி இயேசு சொன்னாரே, எனக்கும் அதுதானா?

செருப்பு மாட்டும்போது வரும் கேள்விகளில் இதுதான் அதிகம். நேரடியாகச் சொல்கிறேன்: எல்லோருக்கும் அதே கட்டளை இல்லை. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு தன் ஆஸ்தியில் பாதியைத்தான் கொடுத்தான். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பினான். இயேசு "மீதிப் பாதி எங்கே?" என்று கேட்கவில்லை. அனனியா நிலம் விற்ற கதையில்கூடப் பேதுரு, விற்கும்முன்னே அது உன்னுடையதுதானே, விற்ற பணமும் உன் வசத்தில்தானே இருந்தது என்கிறார். முழுவதையும் கொடுக்காதது அங்கே குற்றமில்லை, பொய்தான் குற்றம்.

ஆதிச் சபையிலும் இதில் ஒரே கருத்து இருக்கவில்லை. கிபி 200 வாக்கில் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, எல்லோரும் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் பசித்தவனுக்கு யார் சோறு போடுவது என்று கேட்டார். செல்வம் ஒரு கருவி, மனதில் இருக்கும் பிடியைத்தான் விட வேண்டும் என்பது அவர் வாதம். அதே எகிப்தில் சுமார் 70 வருடம் கழித்து அந்தோனி என்ற இளைஞன் ஆலயத்தில் இந்தப் பகுதி வாசிக்கப்பட்டதைக் கேட்டான். தனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டு, தகப்பன் விட்டுப்போன நிலத்தைக் கொடுத்துவிட்டு வனாந்தரத்துக்குப் போனான். துறவற வரலாறு அவனிடமிருந்து பெரிதாக வளர்ந்தது. என்னைக் கேட்டால் கிளமெந்து சொல்வது சரி. ஆனால் கிளமெந்தை மேற்கோள் காட்டுகிறவர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன், என்னையும் சேர்த்து. "மனதளவில் விட்டுவிட்டேன்" என்பதை யாரும் சரிபார்க்க முடியாது.

லூக்கா இந்தச் சம்பவத்தை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். 18ஆம் அதிகாரத்தில் முதலில் பரிசேயனும் ஆயக்காரனும் (வரி வசூலிப்பவனும்) ஜெபம்பண்ணுகிறார்கள். அடுத்து, கைக்குழந்தைகளை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள்; சிறு பிள்ளையைப்போல் ராஜ்யத்தை ஏற்றுக்கொள்ளாதவன் அதில் பிரவேசிக்கமாட்டான் என்கிறார். உடனே இந்த ஐசுவரியவான் வருகிறான். அவனுக்குப் பின், எரிகோவுக்கு அருகே வழியோரம் பிச்சை கேட்கும் குருடன். அடுத்த அதிகாரத்தில் அதே எரிகோவில் சகேயு. கைக்குழந்தையிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. குருடனிடம் ஒரு கூக்குரல் மட்டும் இருக்கிறது. நடுவில் நிற்கும் ஐசுவரியவான் கையில் பணமும் இருக்கிறது, சிறுவயது முதல் கைக்கொண்ட கற்பனைகளும் இருக்கின்றன. "நித்திய ஜீவனைச் சுதந்தரித்துக்கொள்ள நான் என்ன செய்யவேண்டும்?" என்றுதான் ஆரம்பிக்கிறான். எவ்வளவு ஆகும் என்று கேட்கிற வியாபாரியின் கேள்வி அது.

அவனுக்காக ஒன்று சொல்ல வேண்டும். மத்தேயுவில் "இன்னும் என்னிடத்தில் குறைவு என்ன?" என்று அவனாகவே கேட்கிறான். லவோதிக்கேயாக்காரர்கள் அதைக்கூடக் கேட்கவில்லை. இயேசு "அவனிடத்தில் அன்புகூர்ந்து" பதில் சொன்னதாக மாற்கு எழுதுகிறார். அந்த அன்போடுதான் விற்கச் சொன்னார். அவன் துக்கத்தோடே போய்விட்டான், இயேசுவும் பின்னால் ஓடிப்போய்த் தள்ளுபடி தரவில்லை.

உழைத்துச் சொந்தக் காலில் நிற்பது தப்பா? "தன் கையே தனக்கு உதவி" என்றுதானே வளர்ந்தோம்?

உழைப்பு தப்பில்லை. வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவுங்கூடாது என்று எழுதிய பவுல் தானே கூடாரம் தைத்துப் பிழைத்தவர். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்றும் அவர் சொல்கிறார். ஒருவனுக்குக் கடன் வைக்காமல், பிள்ளைகளைப் படிக்கவைத்து, வீடு கட்டிய அப்பாக்களை நான் மதிக்கிறேன். நம் சபைகளில் பாதிக் குடும்பங்கள் ஒரு தலைமுறைக்கு முன் கூலி வேலையிலிருந்து படிப்பால் மேலே வந்தவை. அந்த உழைப்பைப் பார்த்துச் "சுயபலம், மாம்சம்" என்று பிரசங்கிப்பது அநியாயம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உபாகமம் 8:17: "என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும் இந்த ஐசுவரியத்தை எனக்குச் சம்பாதித்தது" என்று இருதயத்தில் சொல்லிக்கொள்வது. எப்போது அந்த எச்சரிப்பு வருகிறது? வனாந்தரத்தில் மன்னா சாப்பிட்டபோது இல்லை. நல்ல வீடுகளைக் கட்டிக் குடியேறி, ஆடுமாடும் வெள்ளியும் பொன்னும் பெருகப்போகிற நாளுக்காக முன்கூட்டியே சொல்லப்படுகிறது.

இந்த மனநிலையைக் கிட்டே போய்ப் பார்க்க 2 இராஜாக்கள் 5ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாகமான் சீரியாவின் படைத்தலைவன், குஷ்டரோகி. சுகம் தேடிப் புறப்படும்போது பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் சேக்கல் பொன், பத்து மாற்று வஸ்திரம் எடுத்துப்போகிறான். இன்றைய அளவில் சுமார் 340 கிலோ வெள்ளி, 70 கிலோவுக்குச் சற்றே குறைந்த தங்கம். கையில் ராஜாவின் கடிதம். முதலில் போனது தீர்க்கதரிசியிடம் இல்லை, இஸ்ரவேலின் ராஜாவிடம். பெரிய இடத்து ஆட்கள் இப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். எலிசா வெளியே வந்து பார்க்கக்கூட இல்லை, ஆள் அனுப்பி "யோர்தானில் ஏழுதரம் ஸ்நானம்பண்ணு" என்றார். நாகமானுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் தமஸ்குவின் நதிகள் இதைவிட நல்லவை இல்லையா என்று திரும்பிப் போகிறான். ஊழியக்காரர்கள் அவனிடம் சொன்னதுதான் கதையின் மையம்: பெரிய காரியம் ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர் அல்லவா?

செய்திருப்பான். மலை ஏறச் சொன்னால் ஏறியிருப்பான், கோவில் கட்டச் சொன்னால் கட்டியிருப்பான். இலவசமாகக் குளிப்பதுதான் முடியவில்லை. கடைசியில் இறங்கிக் குளித்து, சுகமாகித் திரும்பிவந்து பணத்தை நீட்டுகிறான், எலிசா தொடவில்லை. அந்த வெள்ளியை வாங்கியிருந்தால் நாகமான் கணக்குத் தீர்ந்தவனாக வீட்டுக்குப் போயிருப்பான். எலிசாவின் வேலைக்காரன் கேயாசி பின்னால் ஓடிப்போய்ப் பொய் சொல்லி அதில் கொஞ்சம் வாங்கினான். குஷ்டரோகம் அவனுக்கு வந்தது.

சுயபலம் என்று நான் சொல்வது இதைத்தான்: வாங்கத் தெரியாமை. இரக்கத்தைக்கூட விலை கொடுத்தே வாங்குவேன் என்ற மனது. கிருபை விலைக்கு வருவதில்லை என்பதால் அந்த மனதுக்கு அதில் இடமே கிடைப்பதில்லை.

இன்சூரன்ஸ், பிஎஃப், சேமிப்பு எல்லாம் அவிசுவாசமா?

இல்லை. ஆதியாகமத்தில் வரும் யோசேப்பு ஏழு வருட விளைச்சலைக் களஞ்சியத்தில் சேர்த்துவைத்ததால்தான் எகிப்தும் பிழைத்தது, அவன் சகோதரர்களும் பிழைத்தார்கள். லூக்கா 12இல் வரும் மதிகேடனான ஐசுவரியவானும் களஞ்சியம்தான் கட்ட நினைத்தான். ஒருவன் பஞ்ச காலத்தில் ஊருக்குத் திறப்பதற்குச் சேர்த்தான். மற்றவன் பேசுவதைக் கேளுங்கள்: என் தானியம், என் பொருள்கள், என் களஞ்சியங்கள். அந்தப் பேச்சு முழுவதிலும் மனைவி இல்லை, பிள்ளை இல்லை, அறுத்துக்கொடுத்த கூலியாள் இல்லை. தன் ஆத்துமாவோடு தானே பேசிக்கொள்கிறான்.

இன்சூரன்ஸில் கட்டுகிற பணம் பெரும்பாலும் வேறொருவரின் ஆபரேஷனுக்குத்தான் போகிறது. நமக்கு வந்தால் மற்றவர்கள் கட்டியது நமக்கு வரும். யோசித்துப் பார்த்தால் அது சுயபலமே இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு "விசுவாசத்தில் இருக்கிறேன்" என்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: டாக்டர் எழுதிக்கொடுத்ததைத் தொடர்ந்து சாப்பிடுங்கள்.

அப்படியானால் ஏழைகளுக்கு விசுவாசம் எளிதா?

வறுமையைப் புனிதமாக்கும் பேச்சு எனக்குப் பிடிக்காது. அதை அதிகம் பேசுகிறவர்கள் பொதுவாக ஏசி காரில் வந்து இறங்குகிறவர்கள். நீதிமொழிகள் 30இல் ஆகூரின் ஜெபம் நேர்மையானது: தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக. நிரம்பிவிட்டால் "கர்த்தர் யார்" என்று கேட்டுவிடுவேன், இல்லாவிட்டால் திருடிவிடுவேன், ஆகவே "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்கிறான். இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். கூலி கொடுக்காமல் பிடித்துவைத்தவர்களின் வயலிலிருந்து கூக்குரல் எழும்புகிறது என்று யாக்கோபு 5 சொல்வதையும் மறக்க வேண்டாம். சிலருடைய வறுமை இன்னொருவரின் பாவம்.

கையில் காசில்லாதவனும் லவோதிக்கேயாக்காரனாக இருக்கலாம். "மகன் மட்டும் வெளிநாடு போய்விட்டால் யார் தயவும் வேண்டாம்" என்று காத்திருப்பவன், இன்னும் வராத பணத்தை இப்போதே நம்பிக்கொண்டிருக்கிறான்.

ஆனாலும் ஏழைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, கேட்பதும் கொடுப்பதும். மக்கெதோனியாச் சபைகள் கொடிய தரித்திரத்திலும் தாராளமாகக் கொடுத்ததாகப் பவுல் 2 கொரிந்தியர் 8இல் எழுதுகிறார். மிசோரம் சபைகளில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அது சபைக்குப் போகும். ஊழியத்தை அந்த அரிசி தாங்கியிருக்கிறது. நம் பக்கத்திலும் பழைய சபைகளில் பிடி அரிசிக் காணிக்கை இருந்தது. இப்போது அரிசிக்குப் பதில் கவரும் கியூஆர் கோடும்.

பணம் ஆசீர்வாதத்தின் அடையாளம் என்று எங்கள் ஊழியர் சொல்கிறாரே?

சீஷர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அதனால்தான் ஒட்டகப் பேச்சைக் கேட்டதும் "அப்படியானால் யார் இரட்சிக்கப்படக்கூடும்?" என்று திகைத்தார்கள். ஆசீர்வதிக்கப்பட்டவனுக்கே கதவு இல்லையென்றால் நமக்கு என்ன கதி என்ற திகைப்பு அது. யோபுவின் நண்பர்களும் அதே கணக்கைத்தான் தலைகீழாகப் போட்டார்கள்: சொத்துப் போய்விட்டதா, ஏதோ பாவம் இருக்கிறது. கடைசியில் அவர்களைத்தான் கர்த்தர் கடிந்துகொண்டார்.

ஐசுவரியத்தைச் சம்பாதிக்கிற பெலனைக் கொடுப்பவர் அவர்தான் என்பது உண்மை, அது உபாகமம் 8:18. அதற்காக நன்றி சொல்லுங்கள். ஆனால் சாட்சி நேரத்தைக் கவனியுங்கள். கார் வாங்கினவர் எழுந்து நிற்கிறார், விசா கிடைத்தவர் நிற்கிறார், வீடு கிரகப்பிரவேசம் ஆனவர் நிற்கிறார். வேலை போய், வட்டிக்கு வாங்கிப் பிள்ளைக்குப் பீஸ் கட்டி, அப்படியும் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்திருக்கும் அக்கா எழுந்திருப்பதில்லை. அவரிடம்தான் ஒருவேளை விசுவாசத்தைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். சிமிர்னா சபைக்கு வந்த கடிதம், "உன் தரித்திரத்தையும் அறிந்திருக்கிறேன், நீ ஐசுவரியமுள்ளவனாயிருக்கிறாய்" என்கிறது. லவோதிக்கேயாவுக்குச் சொன்னதன் மறுபக்கம்.

"விதை காணிக்கை" போட்டால் நூறத்தனை வரும் என்று ஒருவர் கணக்குச் சொன்னால், அவர் முதலில் உங்களுக்கு விதைக்கட்டும்.

சபையே பணக்காரச் சபையாகிவிட்டால்?

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இதைக் கண்ணால் பார்த்தவர். 1739இல் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் கிங்ஸ்வுட் நிலக்கரித் தொழிலாளிகளுக்குத் திறந்தவெளியில் பிரசங்கித்தார். மனந்திரும்பியவர்கள் குடியை விட்டார்கள், நேரத்துக்கு வேலைக்குப் போனார்கள், மிச்சம் பிடித்தார்கள். இரண்டு தலைமுறைக்குள் மெதடிஸ்டுகள் வசதியானவர்கள் ஆனார்கள். 1786இல், தன் 83ஆவது வயதில், அவர் இதைப் பற்றி வேதனையோடு எழுதினார். பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் பிறப்பிக்கும், அவை இரண்டும் செல்வத்தைப் பிறப்பிக்கும், செல்வம் பெருகும் அளவுக்கு பக்தி குறைந்துபோகும் என்பது அவர் கண்டது. அதாவது நல்ல விசுவாசமே தன் தடையைத் தானே பெற்றெடுக்கிறது. கொடுத்துக்கொண்டே இருப்பதைத் தவிர இதற்கு அவர் வேறு மருந்து காணவில்லை. ஆக்ஸ்போர்டில் வருடம் 30 பவுண்டு வந்தபோது 28இல் வாழ்ந்து, பிறகு 60, 90, 120 என்று வருமானம் ஏறியபோதும் அதே 28இல் வாழ்ந்து மீதியைக் கொடுத்த ஒருவரைப் பற்றி அவர் ஒரு பிரசங்கத்தில் சொல்கிறார். அது அவருடைய சொந்தக் கணக்குத்தான் என்பது பரவலான கருத்து.

நம் சபைகளில் பார்க்க வேண்டுமென்றால் தலையை நிமிர்த்தினால் போதும். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் கொடுத்தவர் பெயர் பெயின்டில் சுற்றிக்கொண்டிருக்கும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் காணிக்கையாக வந்த சேவலை இரண்டு பேர் விட்டுக்கொடுக்காமல் ஏற்றிக்கொண்டே போவார்கள். நூறு ரூபாய்க்கூட்டலில் ஆரம்பித்தது, மச்சான் முன்னால் தோற்கக்கூடாது என்று ஆயிரம் ஆயிரமாகத் தாவும். எனக்கு அந்த ஏலம் பிடிக்கும், சிரிப்பும் கலாட்டாவுமாக இருக்கும், பணமும் நல்ல காரியத்துக்குப் போகும். ஆனால் அந்தப் பணம் கொடுத்தவரே அடுத்த வருடம் கமிட்டியில் உட்கார்ந்து, போதகர் எதைப் பிரசங்கிக்கலாம் என்று முடிவுசெய்யும்போது, பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம் கொடுக்காதே என்ற யாக்கோபு 2ஆம் அதிகாரம் அந்தச் சபையில் வாசிக்கப்படுவதே இல்லாமல் போகும்.

நான் தசமபாகம் சரியாகக் கொடுக்கிறேன். போதாதா?

லூக்கா 18இல் ஜெபம்பண்ணிய பரிசேயனும் சரியாகக் கொடுத்தான். அதை ஜெபத்திலேயே சொல்லிக்காட்டினான். கொடுங்கள், நிறுத்த வேண்டாம். ரசீதை மட்டும் ஜெபத்துக்குள் கொண்டுவர வேண்டாம்.

நான் சுயபலத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடைசியாக எப்போது யாரிடமாவது உதவி கேட்டீர்கள்? பணத்தை விடுங்கள், ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி கூட இருக்கச் சொல்லி? நம் வசதியான குடும்பங்களில் இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. அம்மாவுக்கு ஆபரேஷன், "சபையில் யாருக்கும் சொல்ல வேண்டாம், தொந்தரவு." தனி ரூம், கேஷ்லெஸ், கூடப் பார்த்துக்கொள்ள ஏஜென்சியிலிருந்து ஒரு ஆள், வாசலில் சாப்பாட்டு டெலிவரி. பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் ஒருவரும் வந்து ஜெபிக்கவில்லை, ஒருவரும் கஞ்சி வைத்துக் கொண்டுவரவில்லை. மனிதர்களிடமிருந்து ஒரு டம்ளர் கஞ்சி வாங்கக் கூச்சப்படுகிறவர் தேவனிடமிருந்து இரக்கத்தை மட்டும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்வார் என்று நான் நம்பவில்லை.

இன்னொன்று, ஜெபத்தில் என்ன கேட்கிறீர்கள் என்று பாருங்கள். பணத்தால் முடியாதவற்றை மட்டும் கேட்கிறீர்களானால், மற்றவற்றுக்கு வேறொருவரை வைத்திருக்கிறீர்கள். "அன்றன்றுள்ள அப்பத்தை" என்ற வரி மாதச் சம்பளக்காரர் வாயில் சட்டென்று ஓடிவிடும். அந்த வரியில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

என் மகன் வெளிநாட்டில் நல்ல சம்பளத்தில் இருக்கிறான். சபைக்கே போவதில்லை. "எனக்கு எதற்கு?" என்கிறான். என்ன ஜெபிப்பது?

பல தாய்மார்கள், "ஆண்டவரே, அவனை நொறுக்கியாவது கொண்டுவாரும்" என்று ஜெபிப்பதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய பாரம் புரிகிறது. ஆனால் மகனுடைய வேலை போக வேண்டும் என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. கஷ்டம் வந்தவர்கள் எல்லோரும் திரும்புவதில்லை; கசந்துபோனவர்களும் உண்டு. கடிந்துகொள்ள வேண்டுமானால் அதை அவர் பார்த்துக்கொள்வார். "நான் நேசிக்கிறவர்களெவர்களோ அவர்களைக் கடிந்துகொண்டு சிட்சிக்கிறேன்" என்பதும் லவோதிக்கேயாவுக்கு எழுதிய வரிதான்.

சகேயு நொறுங்கி வரவில்லை. வரி வசூலில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த நாளில்தான் காட்டத்திமரத்தில் ஏறினான். இயேசு அவனுக்குப் பிரசங்கம் பண்ணினதாக லூக்கா எழுதவில்லை. "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றார். ஊர் முழுக்கச் சபித்த மனிதனிடம் தங்க இடம் கேட்டார். கொடுத்தும் பிடுங்கியுமே பழகியவன் வீட்டுக்கு ஒருவர் விருந்தாளியாக வந்தார். பாதி ஆஸ்தியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் அவன் வாயிலிருந்து வந்தது.

ஆகவே அடுத்த முறை அவன் டிக்கெட் போட்டுக் கூப்பிட்டால், "வேண்டாம்ப்பா, வீண் செலவு" என்று சொல்லாதீர்கள். போய் ஒரு மாதம் இருங்கள். அவன் சமைத்ததைச் சாப்பிடுங்கள். உங்களுக்கு முட்டு வலித்தால் வலிக்கிறது என்று சொல்லி, அவனையே தைலம் தேய்த்துவிடச் சொல்லுங்கள். ராத்திரி வழக்கம்போலக் குடும்ப ஜெபம் பண்ணுங்கள், அவன் உட்கார்ந்தாலும் சரி, லேப்டாப்போடு உள்ளே போனாலும் சரி. அவனுக்காக ஜெபிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, உங்கள் பயங்களை, உங்கள் குறைகளை அவன் காதில் விழும்படி ஆண்டவரிடம் சொல்லுங்கள். தன் அம்மா யாரிடமோ எதையோ கேட்கிறாள் என்பதை அவன் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருக்கும்.